சிங்கத்தை அடித்துவிட்டுப் புலி என்று எழுதிய வருடம்

உங்களுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான் என்றால், நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிடரி சிலிர்த்த சிங்கத்தின் படத்தைப் போட்டு, அதன் கீழே ‘நமது தேசிய விலங்கு’ என்று அச்சடித்திருந்தது ஞாபகம் இருக்கும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. புலிதானே என்கிறார்கள். புலிக்கு முன்னால் அந்த இடத்தில் சிங்கம் இருந்தது என்பதற்கு நம்மைப் போன்றவர்கள்தான் சாட்சி.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். மாசி மாதம். கடமலைக்குண்டைத் தாண்டி வருசநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி இலவ மரங்கள். காய்கள் வெடித்து, ஜன்னல் வழியாகப் பஞ்சு உள்ளே மிதந்து வந்துகொண்டே இருக்கும். தும்மாமல் ஒரு பாடமும் நடக்காது. அன்று காலை வாத்தியார் உள்ளே வந்ததும், “எல்லாரும் பென்சிலை எடுங்க. சிங்கம்ங்கிறதை அடிச்சுட்டுப் பக்கத்துல புலின்னு எழுதுங்க” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அச்சடித்த புத்தகத்தில் கிறுக்கினால் அடி விழும் என்றுதான் அதுவரை பழக்கம்.

“சிங்கம் செத்துப்போச்சா சார்?” என்று ஒருத்தன் கேட்டான்.

வாத்தியாருக்குச் சிரிப்பு. அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார். சேற்றில் முளைத்தாலும் சேறு ஒட்டாமல் நிற்பதால் தாமரை, விழுது விட்டு விட்டுச் சாகாமல் பரவுவதால் ஆலமரம், நாடெங்கும் எல்லாருக்கும் தெரிந்த அழகு என்பதால் மயில் என்று தேசியச் சின்னங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் புலிக்கு வந்தார். “சிங்கம் நாட்டுல ஒரே ஒரு மூலையிலதான் இருக்கு. புலி எல்லாப் பக்கமும் இருக்கு. பலம், வேகம், அழகு மூணும் இருக்கு. அதான் மாத்திட்டாக.”

“அப்ப காசுல இருக்குற சிங்கம்?”

“அது கல்லுச் சிங்கம்லே. அதை யாரும் மாத்த மாட்டாக.”

“நம்ம மலையில புலி இருக்கா சார்?”

“இருந்துச்சு” என்று சொன்ன வாத்தியார் என்னைப் பார்த்தார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. என் கழுத்தில் வெள்ளிப் பூண் கட்டிய இரண்டு புலிநகம் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் நான் தூக்கத்தில் திடுக்கிட்டு அழுவேன் என்று கட்டிவிட்டது. வாத்தியார் பக்கத்தில் வந்து, அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். விளையாட்டாகத்தான் சொன்னார்: “உங்க பெரியப்பாகிட்ட சொல்லு. இனிமே இது அரசாங்கத்து மிருகம். கவனமா இருக்கச் சொல்லு.”

அந்த விளையாட்டுப் பேச்சு எங்கள் வீட்டில் அந்தக் கோடை முழுவதும் யாரையும் தூங்கவிடவில்லை.

*

என் அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால், மலையிலிருந்து இறங்கி மாடுகளை அடித்துக்கொண்டிருந்த ஒரு புலி, புல்லறுக்கப் போன ஒரு பெண்ணையும் இழுத்துக்கொண்டு போனதாம். பெரியப்பா மரத்தின் மேல் காத்துக் கிடந்து அதைச் சுட்டார். அப்போது நம் பக்கமெல்லாம் மதுரை ஜில்லா. கலெக்டரே வந்து அவருக்குக் கை கொடுத்தார். வண்டியில் புலியைக் கிடத்தி, மாடுகளின் கொம்புக்கு மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

அந்தத் தோல் எங்கள் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் இருந்தது. பாச்சை உருண்டை வாசமும், அதற்கு அடியில் பழைய செருப்பு வாசம் போல ஒன்றும் வரும். அடிவயிற்றுப் பக்கம் மயிர் வெள்ளையாக, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் முரடு. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வரும் விருந்தாளிகள் அதைத் தொட்டுப் பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டார்கள். வருசநாட்டில் அந்தத் தோலைப் பார்க்காத ஆள் குறைவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

வாத்தியார் சொன்னதை அன்று மாலை பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை.

“புலிக்குப் பட்டம் குடுத்துருக்காகளா?” என்றார். கொஞ்ச நேரம் காயை உடைத்தார். “அப்ப ரொம்பக் கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.”

அப்பா அதை வேறு விதமாகக் கேட்டார். “அரசாங்கத்து மிருகம்னா, சுட்டவனுக்கு என்னண்ணே?”

பெரியப்பா அடுத்த காயை எடுத்தார்.

அப்பா பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை. ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். கம்பத்துப் பக்கம் யாரோ வீட்டில் மான்கொம்பு வைத்திருந்தார் என்று ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சந்தையில் ஒரு பேச்சு அடிபட்டது. யார், எந்த ஊர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஆளைப் பற்றிய பேச்சுக்குத்தான் பலம் அதிகம். அம்மா அன்றே என் கழுத்திலிருந்து புலிநகத்தைக் கழற்றினாள். அப்பா அதை வேட்டியில் முடிந்துகொண்டு போய் மூல வைகையில் தண்ணீர் நின்ற ஆழமான கசத்தில் போட்டுவிட்டு வந்தார். பல நாள் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது.

*

அந்தச் சமயம் பார்த்து என் தாய்மாமா வனத்துறையில் காவலராகச் சேர்ந்திருந்தார். என் அக்காவுக்கும் அவருக்கும் தை மாதமே பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. பஞ்சு விற்று முடித்ததும் கல்யாணம் என்று பேச்சு. அக்கா அவர் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆனால் கடமலைக்குண்டு பஸ் வரும் நேரம் அவள் கை வேலையை மறந்துவிடும்.

பங்குனி தொடக்கத்தில் மாமா வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அப்பாவிடம் சொன்னார்:

“மச்சான், புதுசாச் சட்டம் வந்துருக்கு. தோலு, நகம், கொம்பு எதுவும் சும்மா வீட்டுல வச்சிருக்கக் கூடாதுங்கிறாக. என்ன செய்யணும்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அப்பாவின் காதில் ‘வச்சிருக்கக் கூடாது’ என்பது மட்டும்தான் விழுந்தது. மாமா சுவரைப் பார்த்த பார்வை கண்ணில் நின்றுவிட்டது.

“பாத்தியா, எப்படி அளந்து பாத்துட்டுப் போறான்னு?” என்றார் அம்மாவிடம்.

“என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான்.”

“உன் தம்பிதான். ஆனா உள்ள இருக்குறது காக்கி.”

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு சுவரிலிருந்து தோலை இறக்கினார்கள். இறக்கிய இடத்தில் சுவர் வெளிர்ந்து, நான்கு காலும் வாலுமாக ஒரு உருவம் தெரிந்தது. அப்பா சுண்ணாம்பு கரைத்து அதன் மேல் அடித்தார். காய்ந்ததும் அந்த இடம் மட்டும் முன்பைவிட வெள்ளையாகப் பளிச்சென்று நின்றது. வேறு வழியில்லாமல் சுவர் முழுவதையும் வெள்ளையடித்தார்.

தோலை அம்மா இரண்டாக மடித்து, இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தாள். கோணி ஊசியால் தைக்கும்போது அவள் விரலில் குத்தி, மெத்தை உறையில் ரத்தம் சொட்டாக விழுந்தது. அந்த மெத்தையில்தான் நானும் அக்காவும் படுத்தோம். புரண்டால் உள்ளே காய்ந்த தோல் ‘கறுக்’ என்று மடங்கும். இருவரும் அசையாமல் கிடப்போம். எனக்கு அதன் முதுகில் படுத்திருக்கிறோமா, வயிற்றில் படுத்திருக்கிறோமா என்று யோசனை. அக்காவிடம் கேட்டேன். “பேசாமப் படுடி” என்றாள். அவளும் தூங்கவில்லை.

பெரியப்பா மட்டும் இந்த ஏற்பாடு எதிலும் கலந்துகொள்ளவில்லை. “கலெக்டரு கை குடுத்தாருப்பா. கைய வெட்டிக்கிட்டா போகப்போறாக?” என்று ஒருமுறை சொன்னார். ஆனால் அவரும் சாப்பாட்டுக்கு நடுவில் வண்டிச் சத்தம் கேட்டால் கையை நிறுத்திவிடுவார்.

*

ஜீப் வந்தது ஒரு முற்பகல் வேளையில். எங்கள் ஊருக்குள் ஜீப் வருவதே அதிசயம். நாய்கள் எல்லாம் பின்னால் ஓடிவந்தன. பெரியப்பா சத்தம் கேட்டதும் எழுந்தார். தண்ணீர்ச் சுரைக்குடுவையை எடுத்துக்கொண்டு, கொல்லைப்புற வாசல் வழியாக இலவந்தோப்புக்குள் இறங்கினார். வெள்ளைப் பஞ்சு விரித்தது போலக் கிடந்த தரையில் அவர் நடந்து மலைப்பக்கம் போவதை நான் ஜன்னலில் பார்த்தேன். ஓடவில்லை. நடந்துதான் போனார்.

வந்தது வனத்துறை ரேஞ்சர், இளவயதுக்காரர். தொப்பியில் பித்தளை முத்திரை. கோபுரமும் அதன் முன்னால் சிங்கங்களும். அவருக்குப் பின்னால் மாமா. அப்பா நாற்காலியைத் தேடினார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் பஞ்சு மூட்டை இருந்தது.

“பரவாயில்லைங்க” என்று ரேஞ்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அதன் மேல்தான் எங்கள் மெத்தை.

‘கறுக்’ என்றது.

அடுப்படியில் அம்மா கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரேஞ்சர் உள்ளங்கையால் மெத்தையை அழுத்திப் பார்த்தார்.

“சொந்தத் தோட்டத்துப் பஞ்சா? உள்ள ஏதோ கரகரங்குதே?”

“கொட்டை சார்” என்றார் அப்பா. “சரியா எடுக்கல. பொம்பளைக வேலை.”

“அண்ணன் இல்லையா?”

“ராயப்பன்பட்டிக்குப் போயிருக்காக. ஒரு விசேஷம்.”

“எப்ப வருவாரு?”

“தெரியல சார்.”

ரேஞ்சர் அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது சொன்னார்: “வந்தா உடனே ஆபீசுக்கு அனுப்புங்க. அவரு இல்லாம இந்த வேலை நடக்காது.”

என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது, ஆள் அகப்படாமல் கேஸ் நடக்காது என்று கேட்டது.

ரேஞ்சர் ஜீப்புக்குப் போனதும் மாமா அடுப்படி வாசலுக்கு வந்தார். வேர்த்திருந்தார். “அக்கா, ஒரு செம்புத் தண்ணி குடு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அம்மா திரும்பவே இல்லை. “கெணத்துல கெடக்கு. எறைச்சுக் குடிச்சுக்க.”

“அக்கா?”

“காட்டிக்குடுத்த வாய்க்கு என் கையால தண்ணி கெடையாது. போ.”

அம்மாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். மாமா திரும்பினார். அக்காவைப் பார்த்தார். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

அன்று மத்தியானமே அப்பா மெத்தையைக் கிழித்தார். களத்தில் இலவங்கூட்டைக் குவித்துத் தீ வைத்து, நடுவில் தோலைப் போட்டார். பகலில் எரித்தால் கூடு எரிக்கிறார்கள் என்று நினைப்பார்களாம். மயிர் கருகும் நாற்றம் ஊர் முழுக்க அடித்தது. தோல் சூட்டில் சுருண்டு, ஒரு பக்கம் மெதுவாக எழும்பியது. படுத்திருந்தது எழுந்திருக்கப் பார்ப்பது போல இருந்தது. நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மறுநாள் நிச்சயச் சேலையைத் திருப்பி அனுப்பச் சொன்னார் அப்பா. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை என்று நான்காம் முறையும் மடித்தாள்.

*

பெரியப்பா அன்று பொழுது சாய்ந்தால் வந்துவிடுவார் என்று இருந்தோம். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவருக்கு மலை புதிதில்லை, ஒன்றும் ஆகாது என்றார் அப்பா. பிறகு மலையில் தீ பிடித்தது.

கோடையில் நம் மலைகளில் தீப்பிடிப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பொழுது சாயும்போது மலையின் இடுப்பில் சிவப்பு அரைஞாண் கட்டியது போலத் தெரியும். மற்ற வருடங்களில் அதை வேடிக்கை பார்ப்போம். அந்த வருடம் அந்தக் கோடு நகர நகர, எந்தப் பக்கம் போகிறது என்று அம்மா கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். முற்றத்தில் சாம்பல் விழுந்தது. பஞ்சும் சாம்பலும் ஒன்றாகப் பறந்தன. அப்பா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். புகையில் வழி தெரியாமல் இருமிக்கொண்டு திரும்பி வந்தார். வனத்துறையில் சொல்லி ஆள் கேட்கலாம் என்று உடன் போனவர் ஒருவர் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். யாரிடமிருந்து ஒளித்தோமோ அவர்களிடம் போய் எப்படித் தேடச் சொல்வது?

அக்காதான் போனாள். காலை பஸ்ஸுக்குச் சேலையை மாற்றிக்கொண்டு, “சந்தைக்குப் போயிட்டு வாறேன்” என்றாள். அன்று சந்தை நாள் இல்லை. அம்மா எல்லாம் தெரிந்தும், “இவளையும் கூட்டிக்கிட்டுப் போ” என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

கடமலைக்குண்டில் ரேஞ்ச் ஆபீஸ் வேப்பமரத்தடியில் மாமா உட்கார்ந்திருந்தார். தீயணைக்கப் போய் வந்த கோலம். புருவம் பொசுங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அக்கா நலம்கூட விசாரிக்கவில்லை.

“பெரியப்பாவ எதுக்குப் புடிக்க வந்தீக?”

“புடிக்கவா? யாரு சொன்னது?”

“அவுக இல்லாம வேலை நடக்காதுன்னு உங்க ரேஞ்சர்தான சொன்னாக?”

மாமா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அட கடவுளே. புலி எண்ணணும்னு உத்தரவு வந்துருக்கு. எத்தனை மிச்சம்னு நாடு பூராவும் கணக்கு எடுக்குறாக. எந்த ஓடையில எறங்கும், எங்கன தண்ணி குடிக்கும்னு வழி காட்ட ஆள் வேணும். பெரிய மச்சானைக் கேக்கலாம்னு நான்தான் ரேஞ்சர்கிட்டச் சொன்னேன்.”

“தோலு?”

“சட்டத்துக்கு முந்தி சுட்டதுதான? எழுதிக் குடுத்தா நம்ம வீட்டுலயே வச்சுக்கச் சீட்டுக் குடுப்பாக. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு அக்காகிட்ட வந்தேன்.”

அக்கா மரத்தில் சாய்ந்துகொண்டாள். “எரிச்சாச்சு மாமா” என்றாள். அவள் அவரை மாமா என்று முகத்துக்கு நேராகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னாள்: “ஜீப்பு வந்த அன்னைக்கு மலையேறினவுக இன்னும் எறங்கல.”

மாமா மலையைப் பார்த்தார். புகை இன்னும் அடங்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கேனையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, வாட்சர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்கா சொன்னதைக் கேட்ட அப்பா, வெள்ளையடித்த சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எல்லார் கண்ணும் மலைப்பாதையில்தான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வருசநாட்டுக்கே தெரிந்த ஒரு தோலை, யாரோ காட்டிக்கொடுப்பார்கள் என்று எங்கள் வீட்டில் ஒளித்தார்கள். காட்டிக்கொடுக்க அதில் என்ன இருந்தது? பயம் வந்துவிட்டால், பெரியவர்களுக்குக் கண்ணுக்கு நேராக இருப்பதுகூடத் தெரிவதில்லை.

*

மறுநாள் மத்தியானம் மாமா வந்தார். முதுகில் பெரியப்பா. இரண்டு பேர் முகமும் கரி. பெரியப்பாவின் வலது கணுக்கால் குடம் போல வீங்கித் திரும்பியிருந்தது.

தீ வந்த பக்கத்திலிருந்து தப்ப இறங்கும்போது பாறையில் வழுக்கிவிட்டது. தவழ்ந்து போய்ப் பாறைக்கு அடியில் குகை மாதிரி இருந்த ஒரு பொடவுக்குள் கிடந்திருக்கிறார். பாறைக் கசிவில் துண்டை நனைத்துப் பிழிந்து குடித்திருக்கிறார். மாமா ‘மச்சான்’ என்று கூப்பிட்டபோது பதில் கொடுக்கவில்லையாம். காக்கிச் சட்டை பொடவு வாசலில் குனிந்ததும், இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினாராம்.

“வந்துட்டியா மாப்ளே? விலங்கைப் போட்டுக்க. தம்பியை மட்டும் விட்டுரு. அவனுக்குப் பிள்ளைக இருக்கு.”

மாமா திரும்பி உட்கார்ந்து, நீட்டிய அந்தக் கைகளைத் தன் தோள் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். மலை இறங்கும்போதுதான் மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னாராம். பெரியப்பா முதுகில் கிடந்தபடி அழுதாரா, சிரித்தாரா என்று மாமாவுக்குத் தெரியவில்லை. உடம்பு குலுங்கியது மட்டும் தெரிந்தது.

பெரியப்பாவைக் கட்டிலில் கிடத்தியதும் அம்மா செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து தம்பி முன்னால் நின்றாள். மாமா அதை வாங்கவில்லை.

“கெணத்துலயே குடிச்சுக்கிறேன் அக்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவர் கிணற்றடிக்குப் போனார். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கித் தானே இறைத்தாள். மாமா வேறு வழியில்லாமல் குனிந்து கைகளைக் குவித்தார். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவர் குடித்து முடித்து, முகம் கழுவி, தலை நனைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். “போதும்க்கா, போதும்” என்றார் மாமா.

பெரியப்பாவை அன்றே ஜீப்பில் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு கூடியது. ஆனால் கால் பழையபடி ஊன்றவில்லை.

அப்பா தாம்பூலத்தோடு மாமா வீட்டுக்குத் தானே போய்வந்தார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து அக்காவிடம், “உனக்குச் சம்மதமான்னு கேட்டு வரச் சொன்னான்” என்றார். அக்கா, “பாக்கு மாத்தும்போது கேட்டீகளா? திருப்பி அனுப்பும்போது கேட்டீகளா?” என்றாள். அப்பா காலித் தாம்பூலத் தட்டோடு நின்றார். கொஞ்ச நேரம் அவரை அப்படி நிற்கவிட்டுத்தான், “சம்மதம்னு சொல்லுங்க” என்றாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

*

கணக்கெடுப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ரேஞ்சர் மறுபடி வந்து பெரியப்பாவின் கட்டில் அருகே உட்கார்ந்தார். தோல் எரிந்த கதையை மாமா அவரிடம் சொல்லியிருந்தார். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“என்னால நடக்க முடியாது சார்” என்றார் பெரியப்பா.

“ஜீப் போற வரைக்கும் வாங்க. மிச்சத்தை உங்க மாப்பிள்ளை நடப்பாரு.”

“சுட்டவனைக் கூட்டிக்கிட்டுப் போயி எண்ணுறது சரியா இருக்குமா?”

ரேஞ்சர் யோசித்துவிட்டு, “பார்த்தவங்கன்னு வேற யாரும் இல்லைங்களே” என்றார்.

தினமும் விடியும்போதே ஜீப் வரும். பெரியப்பா கம்பை ஊன்றி ஏறிக்கொள்வார். மாலையில் முகம் தொங்கிப்போய் இறங்குவார். அம்மா சோறு போட்டுக்கொண்டே, “ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?” என்பாள். அவர் தலையை ஆட்டுவார். அவர் சொன்ன ஓடைகளில் மான் தடம் இருந்தது, செந்நாய்த் தடம் இருந்தது, எரிந்த சாம்பல் இருந்தது. ஒருநாள் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். “ஒண்ணுகூட இல்லையோ என்னமோ” என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். மலையில் கிடந்து வந்தபோதுகூட அவர் குரல் அப்படி இருக்கவில்லை.

கடைசி நாள் நடந்ததை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அவர் படுத்துத் தூங்கிய பிறகு மாமாதான் சொன்னார்.

மேட்டு ஓடை ஒன்றில், முந்தின நாள் பெய்த கோடை மழையில் நனைந்த மணலில், வாட்சர் ஒருவர் ஒரே ஒரு தடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். கண்ணாடித் தகட்டை மேலே வைத்துத் தடத்தை வரைந்துகொள்வதற்காக எல்லாரும் ஓடினார்கள். ஜீப்பில் உட்கார்ந்திருந்த பெரியப்பா யாரையும் கூப்பிடாமல் தானே இறங்கினார். கம்பை ஊன்றி, காலை இழுத்து இழுத்து, மணல் வரைக்கும் வந்துவிட்டார். வழிவிட்டார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வேர்வை துடைக்க எடுக்கிறார் என்றுதான் நினைத்தார்களாம். அவர் அதை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, குலசாமி சன்னதியில் நிற்பது போல, கம்பை விட்டுவிட்டுக் கை கட்டி நின்றாராம்.

“ஆணா, பொண்ணாங்க?” என்று கேட்டார் ரேஞ்சர்.

பெரியப்பா தடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒத்தையில வந்துருக்கு சார்” என்றார். “பக்கத்துல வேற தடமே இல்ல.”

ரேஞ்சர் மண்டியிட்டுக் கண்ணாடியை வைத்து அதை வரைந்து முடிக்கும்வரை, பெரியப்பா அந்தத் துண்டைத் தோளுக்கு எடுக்கவில்லையாம்.